வானத்து விந்தையும் அரசின் மௌனமும்

முன்னுரை

மண்ணில் கால் ஊன்றி நின்ற நாள்தொட்டே மனிதன் விண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்த்ததைப் பாடினான், பாராததையும் பாடினான். சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் செலுத்துவோன் இல்லாமலே இயங்கும் வானூர்தியில் மேலுலகு எய்துவர் என்னும் நம்பிக்கையைப் புறநானூற்றில் பதிவு செய்கிறார். சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறி வான்வழியே தப்பிச் செல்கிறாள். இவை கற்பனையின் வெற்றிகள். எந்த அரசும் அவற்றை மறைத்ததில்லை. எவரும் அவற்றுக்குக் கோப்பு எண் கேட்டதுமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த 'பறக்கும் தட்டு' என்னும் கதை இவற்றினின்றும் வேறுபட்டது. அதற்கு இரண்டு கால்கள் உண்டு. வானில் அயலுலக ஊர்தி ஒன்று வந்தது என்பது ஒரு கால். வந்ததை அறிந்த அரசு அதை மக்களிடமிருந்து மறைக்கிறது என்பது மற்றொரு கால். முதற்கால் வலுவற்றது என்று அறிவியலார் எத்தனை முறை காட்டினும் கதை விழாமல் நிற்பதற்குக் காரணம், இரண்டாம் கால் வலுவாக ஊன்றி நிற்பதே. அரசுகள் மறைக்கின்றன என்பது மெய். எதை மறைக்கின்றன என்பதில்தான் மக்கள் ஏமாறுகின்றனர். அந்த இரண்டாம் காலைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தளியின் வானம்

எளியேன் வளர்ந்தது தளி வட்டாரத்தில். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. அதன் குளிர்ச்சியை மெச்சி ஆங்கிலேயர் அதனைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததாகக் கூறுவர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தேநீர்க் கடையில் கலந்து ஒலிக்கும். ஒருபுறம் கேழ்வரகுக் கொல்லைகளும் ரோஜாத் தோட்டங்களும். மறுபுறம் ஜவளகிரிக் காடு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து வரும்.

அந்தப் பருவத்தில் ஊர் எப்படி உறங்குகிறது என்பதைக் கண்டவர் ஓர் உண்மையை அறிவர். யானைகள் இன்ன காட்டில் நிற்கின்றன, இன்று இரவு இந்தப் பக்கம் வரக்கூடும் என்று வனக்காவலர் பொழுதோடு வந்து சொல்லிவிட்டால், ஊர் கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக இருக்கும். ஒருவரும் ஒன்றும் சொல்லாத இரவில் நாய் குரைத்தாலும் ஊர் தீப்பந்தம் எடுக்கும். தெரிந்த யானையினும் தெரியாத நிழல் பெரிது. இந்தச் சிறு பாடத்தை நாட்டின் அரசு கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

தளியின் வானம் உழவர் மழைமேகம் பார்க்கும் வானம் மட்டுமன்று. வடக்கே சிறிது தொலைவில் பெங்களூர் நகரம். அங்கே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், விண்வெளி ஆய்வு நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்கள், விமானப்படையின் சோதனைப் பிரிவு ஆகிய அனைத்தும் உள்ளன. ஓசூரிலிருந்து தளிக்கு வரும் சாலையிலேயே, பேளகொண்டப்பள்ளியில், தனேஜா நிறுவனத்தின் விமானத்தளம் இருக்கிறது. ஆகவே நம் தலைக்குமேல் புதியன பறப்பது வியப்பன்று. பறந்தது யாது என்று நமக்கு யார், எப்பொழுது சொல்கிறார்கள் என்பதே கேள்வி.

இரண்டு நிகழ்ச்சிகள்

முதல் நிகழ்ச்சி, 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நடந்தது. கொரோனா ஊரடங்கினால் சாலைகள் ஓய்ந்திருந்த காலம். பிற்பகல் ஒன்றரை மணி அளவில் பெங்களூர் நகரெங்கும் ஒரு பேரொலி எழுந்தது. ஓசூர்ச் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி, எப்பகோடி வரை சன்னல்கள் அதிர்ந்தன. அங்கே வேலை பார்க்கும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "அங்கும் கேட்டதா அம்மா?" என்று வினவினர். நிலநடுக்கம் என்றனர் சிலர். வெடிகுண்டு என்றனர் சிலர். அயலுலக ஊர்தி இறங்கிவிட்டது என்று பாதி வேடிக்கையாகவும் பாதி நம்பிக்கையாகவும் செய்தி பரப்பினர் சிலர். நிலநடுக்கம் ஏதும் பதிவாகவில்லை என்று கர்நாடகப் பேரிடர்க் கண்காணிப்பு மையம் அறிவித்தது. அந்த அறிவிப்பு ஐயத்தைத் தீர்க்கவில்லை, வளர்த்தது. நிலநடுக்கமும் இல்லையென்றால் வேறு என்ன?

விடை மாலையில் வந்தது. பெங்களூர் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று, நகர எல்லைக்கு வெகு வெளியே, ஒலியினும் விரைந்து பறந்தது. 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் அது தன் வேகத்தைக் குறைத்தபோது எழுந்த அதிர்வொலியே அது. இத்தகைய ஒலி 65 முதல் 80 கிலோமீட்டர் தொலைவிலும் கேட்கக்கூடும் என்று பாதுகாப்புத் துறை விளக்கியது. விளக்கம் தெளிவானது, நம்பத்தக்கது. எனினும் பிற்பகலுக்கும் மாலைக்கும் இடையில் கழிந்த அந்தச் சில மணி நேரத்தில் ஒரு பெருநகரமும் அதன் எல்லைப்புறமும் கற்பனையின் கையில் ஒப்படைக்கப்பட்டன. முன்கூட்டி அறிவித்திருந்தால், விமானத்தின் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை, 'இன்று வானில் சோதனை உண்டு, பேரொலி கேட்கலாம்' என்னும் ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டாவது நிகழ்ச்சி நம் சாலையிலேயே நடந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ரஸ்தம்-1' என்னும் ஆளில்லா விமானம், 2009ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஓசூரை அடுத்த தனேஜா தளத்திலிருந்து முதன்முதலாக எழுந்தது. மூக்கின் பக்கம் சிறிய இறக்கை; முதுகின் பின்னால் சுழலும் விசிறி; உள்ளே ஒருவரும் இல்லை. ஊர்வாழ் மக்கள் வழக்கமாகக் காணும் விமானத்தின் தோற்றம் அதற்கு இல்லை. எழுந்த சிறிது நேரத்தில் அது வீழ்ந்தது. உயரத்தைத் தவறாகக் கணித்ததனால் தரையிலிருந்தே இயந்திரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று அந்த நிறுவனம் தன் தவற்றை வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த ஆண்டு, 2010 அக்டோபர் 16ஆம் நாள், அதே வட்டாரத்தில் 3,000 அடி உயரத்தில் அரைமணி நேரம் வெற்றியுடன் பறந்தது. ரஸ்தம் தமானியா என்னும் மறைந்த விமான அறிஞரின் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது.

செலுத்துவோன் இல்லாத வானூர்தியைப் பற்றிப் படித்த தமிழ் மாணவன், அத்தகைய ஒன்று தன் ஊர்ச் சாலையிலேயே எழுந்தது என்று அறியும்போது பெருமிதம் அடைவான்; அச்சம் அடைய மாட்டான். பெயர் சொல்லப்பட்டது; நாள் சொல்லப்பட்டது; தவறும் சொல்லப்பட்டது. எனவே பேளகொண்டப்பள்ளியில் பறக்கும் தட்டு விழுந்தது என்னும் கதைக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கதை எங்கே முளைக்கிறது, எங்கே முளைக்கவில்லை என்பது உள்ளங்கை நெல்லிக்கனி.

இரகசியம் இருந்தது, அந்த இரகசியம் வேறு

இக்கதைகளின் தாயகமான அமெரிக்காவைச் சற்று நோக்குவோம். 1947ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், நியூமெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் விமானப்படைத் தளம், பறக்கும் தட்டு ஒன்று தங்களுக்குக் கிடைத்துள்ளது என்று தானே அறிவித்தது. ஒரு நாள் கழிவதற்குள், அது வெறும் வானிலை பலூன் என்று மேலதிகாரிகள் மறுத்தனர். முதற்சொல்லும் மறுசொல்லும் முரணியதால் எழுந்த ஐயம் அரை நூற்றாண்டு வாழ்ந்தது. 1994இல் அமெரிக்க விமானப்படை உண்மையைச் சொன்னது. சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியை வான்வெளியில் ஒற்றறியும் பொருட்டு, 'மொகுல்' என்னும் இரகசியத் திட்டத்தின்கீழ் பறக்கவிடப்பட்ட பலூன் தொடரின் சிதைவுகளே அவை என்றது. ஆக, மக்கள் ஐயுற்றதில் பாதி மெய்: அரசு மறைத்தது. மறுபாதி பொய்: மறைத்தது அயலுலகத்தாரை அன்று.

அந்நாட்டின் உளவுத் துறை 1955 முதல் 'யூ-2' என்னும் வேவு விமானத்தைப் பறக்கவிட்டது. பயணிகள் விமானங்கள் 20,000 அடிக்குக் கீழே பறந்த காலத்தில் அது 60,000 அடிக்கும் மேலே பறந்தது. கீழே இருள் சூழ்ந்த பின்பும் மேலே அதன் இறக்கையில் மாலை வெயில் பட்டு ஒளிர்ந்தது. அதனைக் கண்ட விமானிகள் அறியாப் பொருள் என்று முறையிட்டனர். உளவுத் துறையின் வரலாற்றறிஞர் ஜெரால்டு ஹெய்ன்ஸ் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த அத்தகைய முறையீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இவ்வேவு விமானங்களே காரணம் என்றும், அதை மறைக்க விமானப்படை மக்களுக்குப் பொய்யான விளக்கங்களைத் தந்தது என்றும் எழுதினார். அவர் சொன்ன அளவு மிகை எனச் சில ஆய்வாளர் மறுத்துள்ளனர். ஆயினும் பொய் விளக்கம் தரப்பட்டதை உளவுத் துறையின் ஏடே ஒப்புக்கொண்டது என்பது சிறிய செய்தியன்று.

'நீலப் புத்தகம்' என்னும் பெயரில் அமெரிக்க விமானப்படை நடத்திய ஆய்வு 1969இல் முடிந்தபோது, பதிவான 12,618 நிகழ்ச்சிகளில் 701க்கு விளக்கம் கிட்டவில்லை. 2024 மார்ச்சில் வெளியான பாதுகாப்புத் துறை அறிக்கையும் அயலுலகத் தொழில்நுட்பத்துக்கு எவ்விதச் சான்றும் இல்லை என்றே முடிவு கூறியது. விளக்கம் கிட்டாமை வேறு. விளக்கம் மறைக்கப்பட்டமை வேறு. அயலுலக வருகை முற்றிலும் வேறு. இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதே கட்டுக்கதையாளரின் தொழில். ஒருமுறை பொய் சொன்ன அரசு, பின்னர் மெய்யே பேசினும் கேட்பார் இல்லை என்பதே ராஸ்வெல் தரும் படிப்பினை.

இலடாக்கின் இரு விளக்குகள்

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை இலடாக்கின் சீன எல்லையில் காவல் நின்ற படைவீரர்கள், ஏரி ஒன்றின் மேலே ஒளிப்பொருள்கள் தோன்றியதாக 329 முறை பதிவு செய்தனர். அவற்றுள் 155 முறை அவை எல்லைக் கோட்டைக் கடந்ததாகவும் எழுதினர். சீனாவின் வேவுக் கருவியோ, அயலுலக ஊர்தியோ என்று செய்தித்தாள்கள் வினவின. இறுதியில் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்கப்பட்டது. அவர்கள் நேரத்தையும் திசையையும் கணக்கிட்டு, அவை வியாழனும் வெள்ளியும் என்றனர். உயர்ந்த மலைநாட்டின் மெல்லிய காற்றில் கோள்கள் வழக்கத்தினும் மிக ஒளிர்ந்தன, அவ்வளவே.

காவல் நின்ற வீரரை நாம் எள்ளுதல் தகாது. கடுங்குளிரில் பகைவன் எதிரே நிற்பவன் ஒவ்வோர் ஒளியையும் ஐயுறுவது அவன் கடமை. பாராட்டத்தக்கது யாதெனில், அறியாத ஒன்றை அறிந்தவரிடம் கொண்டுசென்று கேட்டதும், கிடைத்த விடை மக்களுக்கும் தெரியவந்ததுமே. அந்நிறுவனத்தின் வானாய்வகம் நம் அண்டை மாவட்டமான திருப்பத்தூரில், ஜவ்வாது மலையின் காவலூரில் இருக்கிறது என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

அதே இலடாக்கின் கொங்கா கணவாயைப் பற்றி மற்றொரு கதை உலவுகிறது. அங்கே நிலத்தடியில் அயலுலகத்தாரின் தளம் இருக்கிறதாம். இந்தியாவும் சீனாவும் அறிந்தே மறைக்கின்றனவாம். சான்று ஒன்றும் இல்லை. ஆனால் அக்கணவாய்க்கு மெய்யான வரலாறு உண்டு. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அப்பகுதியில் சீனப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இந்தியக் காவலர் பத்துப் பேர் உயிர் நீத்தனர். ஆண்டுதோறும் அந்நாளையே காவலர் வீரவணக்க நாளாக நாடு கடைப்பிடிக்கிறது. கொங்கா என்றால் பத்துக் குடும்பங்களின் கண்ணீர் நினைவுக்கு வர வேண்டும். பறக்கும் தட்டு வருகிறது. கட்டுக்கதை செய்யும் தீங்கு இதுவே. அது பொய்யை நிறுவுவதோடு அமைவதில்லை. மெய்யான துயரத்தை இருந்த இடத்திலிருந்து அகற்றிவிடுகிறது.

ஆனேக்கல் தரும் பாடம்

அரசு திறந்த மனத்தோடு பேசினால் கட்டுக்கதை அனைத்தும் அழிந்துபடும் என்று யான் கூறவில்லை. தளிக்கு அப்பால், எல்லை தாண்டினால் ஆனேக்கல். அங்கே வாழ்ந்த பண்டிதர் சுப்பராய சாஸ்திரி, 1918க்கும் 1923க்கும் இடையில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூல். பரத்வாச முனிவர் இயற்றியது என்று உரிமை கொண்டாடப்பட்ட அந்நூல், பண்டைய இந்தியர் விமானம் செய்தனர் என்பதற்குச் சான்றாக உலகெங்கும் காட்டப்பட்டது. அயலுலகத்தார் பழங்காலத்தில் பூமிக்கு வந்தனர் என்போரும் அதனைக் கையில் ஏந்தினர்.

இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் ஐவர் அந்நூலை ஆராய்ந்து 1974இல் தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் வெறுமனே நகைத்து ஒதுக்கவில்லை. நூலின் மொழிநடையை ஆய்ந்தனர்; கைப்படிகளின் வரலாற்றைத் தேடினர்; படங்களை அளந்தனர்; சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் எனப்பட்ட நால்வகை விமானங்களின் எடையையும் விசையையும் கணக்கிட்டனர். நூல் 1904க்கு முற்பட்டதன்று, அதில் கண்ட எந்த ஊர்தியும் பறக்காது என்று காரணங்களோடு எழுதினர். அதன் பின்பும் கதை வாழ்கிறது என்பது உண்மை. எனினும் இன்று ஐயுறும் மாணவன் ஒருவன் படித்துத் தெளிவதற்கு அச்சிட்ட விடை ஒன்று இருக்கிறது. நம்ப விரும்புவோனை எவராலும் தடுக்க இயலாது. அறிய விரும்புவோனுக்கு வழி இருக்க வேண்டும். அரசிடம் நாம் கேட்பதும் அந்த வழியையே.

அவசரச் சொல்லும் ஆபத்தே

மௌனம் ஒரு குற்றம் எனின், ஆராயாத அவசரச் சொல் மற்றொரு குற்றம். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி செல்லும் வழியில் உள்ள நாட்டறம்பள்ளி அருகே, ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில், 2016 பிப்ரவரி 6ஆம் நாள் வெடிப்பு நிகழ்ந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். மறுநாளே, விண்கல் விழுந்ததால் அவர் இறந்தார் என்று மாநில அரசு அறிவித்தது. வரலாற்றில் விண்கல்லால் இறந்த மனிதர் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் வெளியான படங்கள் நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பையே காட்டுகின்றன என்று அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் கருத்துரைத்தனர். ஆய்வு முடியுமுன்னே தீர்ப்புச் சொல்லப்பட்டதால் இறந்தவர் குடும்பத்துக்கும் ஊருக்கும் ஐயமே மிஞ்சியது. 'ஆராய்ந்து கொண்டிருக்கிறோம், இன்ன நாளில் சொல்வோம்' என்பது அரசுக்கு இழுக்கன்று, அதுவே நேர்மை.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இரகசியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, வெள்ளையர் ஆட்சி 1923இல் இயற்றிய அலுவல்சார் இரகசியச் சட்டம். எது இரகசியம் என்பதற்கு அச்சட்டத்தில் இலக்கணமே கூறப்படவில்லை. அதிகாரி முத்திரையிட்டால் அது இரகசியம். மற்றொன்று, 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். அதற்கு எட்டாண்டு முன்பே, 1997இல், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றிய மாநிலம் நம் தமிழ்நாடு என்பது நாம் மறக்கலாகாத பெருமை. விலக்குகள் மலிந்த சட்டம் அது என்பது சேர்த்து நினைவுகொள்ள வேண்டிய உண்மை.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலுக்கு விலக்குத் தருகிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வெளியிடுவதால் விளையும் பொதுநலன் மிகுதியாயின் வெளியிடலாம் என்கிறது. இரகசியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் இச்சட்டமே மேலோங்கும் என்கிறது இருபத்திரண்டாம் பிரிவு. ஆனால் இருபத்து நான்காம் பிரிவு உளவு நிறுவனங்களையும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தையும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் நீங்கலாக, சட்டத்தின் எல்லைக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. முன்வாசலைத் திறந்து வைத்துவிட்டு நடுவறைக்குப் பூட்டிட்டது போன்ற ஏற்பாடு இது.

பூட்டிய அறை என்ன செய்யும் என்பதற்கு நேதாஜி ஒருவர் போதும். 1945 ஆகஸ்டு 18ஆம் நாள் தைபேயில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தாரா என்பதை ஆராய மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. கோப்புகளோ 2015, 2016ஆம் ஆண்டுகள் வரை மூடிக் கிடந்தன. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் நேதாஜி துறவியானார், சிறைப்பட்டார், திரும்பி வருவார் என எத்தனை கதைகள்! தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் அவை பேசப்பட்டன. கோப்புகள் திறந்தபோது அக்கதைகளுக்கு அவற்றில் உறுதியான சான்று கிட்டவில்லை. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்து 1963இல் அளிக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் முழுமையாக வெளியிடவில்லை. அறுபதாண்டு கடந்த போரின் பிழைகளை மறைப்பதனால் எந்த எல்லை காக்கப்படுகிறது?

மறுப்பும் விடையும்

எல்லையில் பகைவர் நிற்கும் நாடு எல்லாவற்றையும் வெளியிட இயலுமா என்று கேட்பர். இயலாது, வேண்டவும் வேண்டா. ரஸ்தம் எந்தக் கருவியைச் சுமந்தது, எவ்வளவு தொலைவு பார்க்கும் என்பன மறைக்கத்தக்கவை. படைவீரன் உயிர் அம்மறைவில் அடங்கியுள்ளது. ஆனால் மறைப்பதற்கும் முறை உண்டு. 'இதைச் சொல்ல இயலாது, இன்ன காரணம், இத்தனை ஆண்டுக்குப் பின் சொல்வோம்' என்பது இரகசியம். 'ஒன்றும் நடக்கவில்லை' என்பது பொய். முன்னதை மக்கள் பொறுப்பர். பின்னதைக் கண்டுகொண்டால் பொறுக்க மாட்டார்.

பிரான்சு நாடு 1977இலேயே தன் விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்குள் இத்தகைய முறையீடுகளைப் பெற்று ஆராயும் பிரிவை அமைத்தது. 2007 முதல் தன் கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. பிரிட்டன் தன் கோப்புகளை 2008 முதல் ஆவணக் காப்பகத்தின் வழியே வெளியிட்டது. இரு நாடுகளின் பாதுகாப்பும் அதனால் குலையவில்லை.

நம் நாட்டில் 2023 நவம்பர் 19ஆம் நாள், இம்பால் விமான நிலையத்தின் மேலே அறியாப் பொருள் தென்பட்டதால் விமானப் போக்குவரத்து சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. வான் பாதுகாப்பு ஏற்பாடுகள் முடுக்கிவிடப்பட்டன, அப்பொருள் பின்னர்க் காணப்படவில்லை என்று விமானப்படை தெரிவித்தது. அது சிறு ஆளில்லாக் கருவியாக இருந்திருக்கலாம், பலூனாகவும் இருந்திருக்கலாம். ஏற்கெனவே கலவரத்தால் நொந்து கிடந்த மாநிலத்தின் மக்கள் அதனைத் தெளிவாக அறியும் உரிமை உடையவர் அல்லரோ?

இதில் என்ன கேடு?

பறக்கும் தட்டை நம்புவதால் யாருக்கு என்ன கேடு, பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கூறலாம். கேடு, நம்பும் பொருளில் இல்லை. நம்பும் பழக்கத்தில் இருக்கிறது. அரசு பொய் சொல்கிறது, ஆகவே காதில் விழுந்ததெல்லாம் மெய் என்னும் பழக்கம் வானத்தோடு நிற்பதில்லை, தெருவுக்கும் இறங்கும். 2018 மே மாதம் குழந்தை கடத்துவோர் ஊருக்குள் புகுந்துவிட்டனர் என்னும் வதந்தி வட தமிழகமெங்கும் கைபேசிகளில் பரவியது. அவ்வாறு யாரும் வரவில்லை எனக் காவல்துறை கூறியும் பலர் நம்பவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவரை அடித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் குழந்தைகளைக் காப்பதாக எண்ணிய பெற்றோர். இதை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகிறது. நாய் குரைத்த இரவில் எடுத்த தீப்பந்தம் ஒரு தாயின் மேல் விழுந்தது.

முடிவுரை

எனவே அரசுக்கு ஒரு வேண்டுகோள்: மக்கள் காதில் விழக்கூடியதை, கண்ணில் படக்கூடியதை முன்கூட்டி மாவட்ட நிருவாகத்தின் வழியே சொல்லுக. நம் எல்லைப்புறத்தில் அது தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதிலும் சொல்லப்பட வேண்டும். மறைக்க வேண்டியதை மறைக்கிறோம் என்று சொல்லியே மறைத்திடுக. காலம் முடிந்தபின் திறந்திடுக. அறியாப் பொருளைக் கண்ட குடிமகன் முறையிட ஒரு வாயிலும், ஆராய்ந்து விடை தர வானியலார் குழுவும் அமைத்திடுக.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல்: தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை என்று எண்ணாதீர்கள். ஒரு பாடலுக்குப் பாடவேறுபாடு இருப்பின் எந்த ஏட்டில், யார் படியில், எக்காலத்தில் என்று கேட்கப் பயின்றவர்கள் நீங்கள். செய்திக்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள். யார் கண்டார்? எங்கே நின்று கண்டார்? எப்பொழுது எழுதினார்? சொன்னவர் அமைச்சராயினும் கைபேசியாயினும் கேள்வி ஒன்றே. செவிக்கு வந்ததையெல்லாம் உண்மையெனக் கொள்ளாது ஆராய்ந்து தெளிவதே அறிவு என வள்ளுவர் அறிவுடைமையில் கற்பித்த நெறியும் அதுவே.

தளியின் வானில் இனியும் புதியன பறக்கும், பேரொலிகள் எழும். ஊருக்குள் யானை வரும் இரவில் நாம் வனக்காவலரிடம் கேட்பது, அந்த யானையின் குலவரலாற்றை அன்று. எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்கிறோம். அதைச் சொல்லிவிட்டால் தீப்பந்தங்களுக்கு வேலை இராது.